எரிபொருட் சிக்கனமும் மக்கள் மனமும்

தன் உணவில் அளவு பார்க்கும் மனிதன், தன் மோட்டார் வண்டி உண்ணும் பெட்ரோலில் எப்பொழுதும் அளவு பார்ப்பதில்லை. குறைந்த எண்ணெயில் நெடுந்தொலைவு ஓடும் வண்டியே நல்லது என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும் வாங்குவோர் அதனையே வாங்குவதுமில்லை. செய்வோர் அதனையே செய்வதுமில்லை. அவர்தம் மனத்தை அப்பக்கம் திருப்புவது யாது? இதனை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு பெரிதும் துணை செய்யும்.

1973ஆம் ஆண்டு வரை அந்நாட்டில் பெட்ரோல் மிக மலிவாகக் கிடைத்தது. ஆதலின் வண்டிகள் நீண்டும் அகன்றும் கனத்தும் விளங்கின. பெரிய வண்டி வைத்திருத்தலே பெருமை எனக் கருதப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் போர் மூண்டது. இஸ்ரேலுக்குத் துணை நின்ற அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை அரபு நாடுகள் நிறுத்தின. பீப்பாய் ஒன்றுக்கு ஏறக்குறைய 3 டாலராக இருந்த எண்ணெயின் விலை, சில திங்களுக்குள் 12 டாலரை நெருங்கிற்று. பெட்ரோல் நிலையங்களின்முன் வண்டிகள் நெடுவரிசையில் காத்துக் கிடந்தன. சில மாநிலங்களில் ஒற்றைப்படை எண் உடைய வண்டிகளுக்கு ஒரு நாளும், இரட்டைப்படை எண் உடையவற்றுக்கு மறுநாளும் எனப் பெட்ரோல் முறைவைத்து வழங்கப்பட்டது. அதுகாறும் ஏளனம் செய்யப்பட்ட சிறு வண்டிகளை மக்கள் தேடிச் சென்றனர்.

விலை உயர்வு மக்கள் மனத்தை விரைவில் மாற்றும். ஆனால் விலை இறங்கியவுடன் மனமும் பழைய நிலைக்கு மீளும். ஆதலின் 1975ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்கும் கார்கள் அனைத்தின் சராசரியும் 1978இல் காலனுக்கு 18 மைலாகவும், 1985இல் 27.5 மைலாகவும் இருத்தல் வேண்டும் என்பது விதி. சராசரி ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு குறையினும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 5 டாலர் தண்டம். ஒரு நிறுவனத்தின் சராசரி 2 மைல் குறைந்ததென்று கொள்வோம். காருக்கு 100 டாலர் ஆகும். பத்து இலட்சம் கார் விற்றிருப்பின் தண்டம் பத்துக் கோடி டாலர்! எந்த வணிகன் இதனைப் பொருட்படுத்தாதிருப்பான்? பொறியியலார் வண்டியின் எடையைக் குறைத்தனர், இயந்திரத்தைச் சிறிதாக்கினர். 1974இல் காலனுக்கு 14 மைல் அளவில் ஓடிய புதிய கார்கள், 1985ஆம் ஆண்டிற்குள் ஏறத்தாழ இருமடங்கு தொலைவு ஓடின.

ஆனால் சட்டத்தில் ஓர் இடுக்கு இருந்தது. சுமையேற்றும் சிறு லாரிகளுக்கு அளவு தாழ்த்தி விதிக்கப்பட்டிருந்தது. 1986இல் எண்ணெய் விலை வீழ்ந்தபின், லாரிச் சட்டத்தின்மேல் அமைத்த பெரிய குடும்ப வண்டிகள் பெருகின. சட்டத்தின் கண்ணுக்கு அவை லாரிகள். குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வதே அவற்றுட் பலவற்றின் தொழில்! 2000ஆம் ஆண்டையொட்டிப் புதிய விற்பனையில் ஏறத்தாழப் பாதி இவ்வகையினவாயின. 2025ஆம் ஆண்டிலோ, அந்தத் தண்டத் தொகையே ஒரு புதிய சட்டத்தால் சுழியாக்கப்பட்டது.

வாங்குவோரிடமும் ஒரு குறை உண்டு. கடையில் இன்று கொடுக்கும் விலை கண்முன் நிற்கிறது. பத்தாண்டுகள் நிரப்பப்போகும் பெட்ரோலின் விலை கண்ணுக்குத் தெரிவதில்லை. அன்றியும், கணக்கே அவரை மயக்குவதுண்டு. காலனுக்கு 10 மைல் ஓடும் வண்டியை விட்டு 20 மைல் ஓடுவதை வாங்குகிறார் ஒருவர். 25 மைல் ஓடுவதை விட்டு 50 மைல் ஓடுவதை வாங்குகிறார் மற்றொருவர். மிகுதியாகச் சேமித்தவர் யார்? இரண்டாமவர் என்றே பலரும் விடையிறுப்பர். மாணவர்களே, 100 மைலுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். முதல்வர்க்கு 10 காலன் 5 ஆகிறது. இரண்டாமவர்க்கு 4 காலன் 2 ஆகிறது. சேமிப்பு முன்னவர்க்கு ஐந்து, பின்னவர்க்கு இரண்டே! இம்மயக்கத்தை லாரிக், சோல் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இருவர் 2008இல் ஆய்ந்து வெளியிட்டனர். தொலைவைக் கூறாது, குறித்த தொலைவுக்குச் செலவாகும் எண்ணெயைக் கூறுவதே நேரிய முறை என்பது அவர்கள் கருத்து. அது சாலவும் பொருத்தமானதே.

ஜப்பானின் நிலை வேறு. எண்ணெய் முழுவதையும் பெரும்பாலும் கடல் கடந்தே பெறும் தீவு நாடு அது. இயந்திரத்தின் அளவும் வண்டியின் எடையும் பார்த்து அங்கு வரி விதிக்கப்படுகிறது. ஆகவே சிறு வண்டி செய்வதில் அந்நாட்டார் முன்னரே கைதேர்ந்திருந்தனர். 1997ஆம் ஆண்டு டிசம்பரில் டொயோட்டா நிறுவனம் பெட்ரோல் இயந்திரமும் மின் மோட்டாரும் இணைந்த 'பிரியஸ்' என்னும் காரை விற்பனைக்குக் கொணர்ந்தது. வண்டியை நிறுத்தும்போது வீணாகும் ஆற்றலை மின்னாக்கி மின்கலத்தில் சேர்த்து, மீண்டும் கிளம்பும்போது அது பயன்கொள்ளும். 2000ஆம் ஆண்டில் அது அமெரிக்காவிற்கும் சென்றது. ஹோண்டா நிறுவனமும் அவ்வகை இணைப்பைத் தன் 'சிவிக்' காரில் பொருத்தி விற்றது. சிக்கனத்தில் அதுவும் குறைந்ததன்று. ஆனால் அது பிற சிவிக் கார்களைப் போன்றே தோன்றிற்று. பிரியஸோ தெருவில் எவரும் கண்டவுடன் அறியும் தனி வடிவம் உடையது. பிரியஸின் விற்பனையே பன்மடங்கு மிகுந்தது. ஒரு காலத்தில் நீண்ட வண்டியை வாங்கச் செய்த பெருமை உணர்ச்சி, இப்பொழுது சிக்கன வண்டியை வாங்கச் செய்தது போலும்!