காவலும் கடனும்: உரோம எல்லையின் சார்பு மன்னரும் ஆற்காட்டு நவாபும்

முன்னுரை

ஒரு பேரரசு தன் எல்லையில் வாழும் மக்களைத் தானே நேராக ஆளாமல், அவர்களுள் ஒருவரை அரசராக நிறுத்தித் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்வதுண்டு. அவ்வாறு நிறுத்தப்பெறுபவரைச் சார்பு மன்னர் என்கிறோம். உரோமப் பேரரசின் வட எல்லையில் விளங்கிய இவ்வழக்கம், பிற்காலத்தில் நம் சென்னையிலும் வேறோர் உருவில் நிகழ்ந்தது. இவ்விரண்டையும் ஒப்புநோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தன்யூப் கரையில்

தன்யூப் ஆற்றுக்கு வடக்கே மார்க்கோமன்னியர், குவாதியர் எனும் செருமானிய இனத்தார் வாழ்ந்தனர். கி.பி. 19-ஐ ஒட்டி உரோமர் வன்னியுசு என்பானை அங்கு அரசனாக்கினர். ஏறத்தாழ முப்பதாண்டு ஆண்ட அவன், கி.பி. 50-இல் பகைவராலும் தன் மருகராலும் வீழ்த்தப்பட்டான். பேரரசர் கிளாடியசு அவனைக் காக்கப் படை அனுப்பவில்லை. புகலிடம் மட்டுமே தந்தார். நாட்டைப் பங்கிட்டுக்கொண்ட மருகர் இருவரும் உரோமுக்கே உண்மையாக இருந்தனர். ஆள் மாறினும் சார்பு மாறவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இம்மன்னர்க்கு உரோமர் படையுதவி செய்தது சிறிது. பொருளுதவி செய்ததே மிகுதி என்பர் வரலாற்றாசிரியர் தாசிட்டசு.

ஆற்காட்டில்

1749-இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் உயிர் நீத்தார். பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிபை ஆதரிக்க, அன்வருத்தீனின் மகனார் முகம்மது அலி வாலாஜா ஆங்கிலக் கம்பெனியின் துணையால் ஆட்சி பெற்றார். 1763-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை அவரை நவாபாக ஏற்றது. சேப்பாக்கம் அரண்மனை அவர் காலத்தது.

ஆயின், உரோம எல்லையில் பொருள் பேரரசிடமிருந்து மன்னனுக்குச் சென்றது. இங்கோ நவாபிடமிருந்து கம்பெனிக்குச் சென்றது. போர்ச் செலவெல்லாம் நவாபின் கணக்கில் ஏறியது. அதனை அடைக்கக் கம்பெனியின் ஊழியர்களிடமே அவர் பெருவட்டிக்குக் கடன் வாங்கினார். அக்கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் நிலவரியை எழுதிக்கொடுத்தார். இறுதியில் அச்சுமையைத் தாங்கியவர் உழுகுடி மக்களே.

ஐதர் அலியின் படையெடுப்புக்கு அஞ்சிக் கம்பெனி கருப்பர் பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்பியது. அதன் எச்சத்தை நம் பழைய வண்ணாரப்பேட்டையில் மாடிப் பூங்காப் பகுதியில் இன்றும் காணலாம். அம்மதிலைக் கட்டும் ஒப்பந்தம் பெற்ற பால் பென்ஃபீல்டு என்பவரே நவாபுக்குக் கடன் கொடுத்தோருள் முதன்மையானவர். இக்கடன்களைத் தக்க விசாரணையின்றி ஏற்றதைக் கண்டித்து 1785-இல் எட்மண்டு பர்க் ஆங்கில நாடாளுமன்றத்தில் முழங்கினார்.

1795-இல் வாலாஜாவும், 1801-இல் அவர் மகனார் உம்தத்துல் உமராவும் மறைந்தனர். திப்பு சுல்தானோடு கடிதத் தொடர்பு கொண்டனர் எனக் குற்றஞ்சாட்டிய கம்பெனி, 1801 சூலை 31-இல் அசீமுத்தௌலாவுடன் உடன்படிக்கை செய்து, ஆட்சியைத் தான் எடுத்துக்கொண்டது. அவருக்கு எஞ்சியவை பட்டமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே. 1855-இல் குலாம் கவுசுகான் மகப்பேறின்றி மறைந்ததும் நவாப் பட்டமும் ஒழிக்கப்பட்டது. ஆற்காட்டு இளவரசர் எனும் பட்டம் 1867-இல் வழங்கப்பெற்றது.

சொல்லும் பொருளும்

தோற்ற அரசன் வென்றவனுக்குச் செலுத்தும் பொருளைத் தமிழர் 'திறை' என்றனர். கொடுப்போனும் கொள்வோனும் தம் நிலையறிந்து வழங்கிய சொல் அது. கம்பெனியோ, தான் பெற்றதைப் 'படைச் செலவு' என்றும் 'கடன்' என்றும் பெயரிட்டது. பெயர் மாறியதால், நவாபை நண்பரென அழைத்துக்கொண்டே திறை கொள்ள முடிந்தது.

முடிவுரை

வன்னியுசு ஒரே நாளில் அரியணை இழந்தான். வாலாஜா மரபினர் கணக்கேடுகளின் வழியே சிறிது சிறிதாக இழந்தனர். எனவே ஓர் உடன்படிக்கையைப் படிக்கும் மாணவர், அதில் யார் அரசர் எனப்படுகிறார் என்பதோடு நில்லாமல், காவலுக்கான செலவை யார் ஏற்கிறார், அவருக்கு எவர் கடன் தருகிறார் என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும்.