சிறு பந்தயமும் சிறு பையும்



நிகழ்தகவு என்னும் கணக்கியல் வளர்ந்ததே சூதாட்டக் களத்தில்தான். இடையில் நின்றுபோன ஆட்டத்தின் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்று 1654இல் பாஸ்கலும் பெர்மாவும் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். ஆகவே, புள்ளியியல் மாணவனாகிய நான் சீட்டாட்டத்தை ஆராய்ந்ததில் வியப்பில்லை. ஆராய்ந்ததோடு நில்லாமல் ஆடியும் பார்த்தேன். அதுவே இக்கட்டுரைக்குக் காரணம்.

போக்கர் ஆட்டத்தில் இரு சீட்டுகள் நம் கையில். ஐந்து சீட்டுகள் எல்லார்க்கும் பொது. ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் வலிய கை. நான்கு சேர்ந்து ஐந்தாவதற்குக் காத்திருப்பதைக் 'குறைக்கை' என்போம். நான்கு பொதுச் சீட்டுகள் விழுந்துவிட்டன. இன்னும் ஒன்றே பாக்கி. நாம் காணாத சீட்டுகள் 46. அவற்றுள் நமக்கு உதவுவன 9.

நடுவில் 100 ரூபாய் கிடக்கிறது. எதிரி 50 ரூபாய் கட்டுகிறார். நாமும் 50 வைக்கிறோம். சராசரியாக 46 முறையில் 9 முறை 150 பெறுவோம். 37 முறை 50 இழப்போம். 1,350 வரவு, 1,850 செலவு, நட்டம் 500.

இனி, எதிரிக்கு முன்னரே நாம் 20 ரூபாய் கட்டுவோம். அவரும் 20 வைத்து அமைந்தால், வரவு 1,080, செலவு 740, இலாபம் 340! சீட்டின் விலையை நாமே குறைத்துவிட்டோம். இதுவே சிறு பந்தயத்தின் சூட்சுமம்.

ஆயின், அவர் எப்போதும் அமைவாரா? தொகையை அவர் ஏற்றினால் 20ஐ இழந்து விலக நேரும். 46இல் 13 முறை ஏற்றினாலே இலாபம் முழுதும் கரையும். ஒவ்வொரு ஆட்டத்திலும் நிறுவனம் நூற்றுக்கு ஐந்து எடுப்பதாகக் கொண்டால், 11 முறையே போதும்.

இவையெல்லாம் அறிந்தே நான் ஆடினேன். என் தந்தையார் தென்காசியிலிருந்து வந்து, இத்திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்பவர். அவர் தந்த விடுதிச் சாப்பாட்டுப் பணத்தில் 200 ரூபாயைப் பத்துச் சிறு பந்தயங்களுக்கென ஒதுக்கினேன். பத்து முறையும் சீட்டு வாராதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினொன்று. அந்தப் பதினொன்றே எனக்கு வாய்த்தது. அன்றிரவு என் கணக்கை நானே கைவிட்டேன். இருபது வைத்த கை இருநூறு வைத்தது. விடியுமுன் அம்மாதச் சாப்பாட்டுப் பணம் முழுதும் போயிற்று. தந்தையாரிடம் "புத்தகம் வாங்கினேன்" என்றேன். அப்பொய்யை எந்தச் சூத்திரத்தாலும் ஈடுசெய்ய இயலவில்லை.

போக்கர் திறமை ஆட்டமே என்னும் கருத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் ஏற்றது. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. திறமை உண்டென்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் 'சராசரி' என்பது பல நூறு ஆட்டங்களின் பின்னரே தலைகாட்டும். அதுவரை தாங்கும் பையும் பதறாத மனமும் வேண்டும். மாணவர் நமக்கு அவ்விரண்டும் ஏது?

நாளை விடுதி அறையில் எவரேனும் இச்சூட்சுமத்தைச் சொல்லி உங்களை அழைக்கக்கூடும். கணக்கு பிழையென்று வாதிடாதீர்கள், அது சரியே. "பத்து முறை தோற்றபின் நீ என்ன செய்வாய்?" என்று மட்டும் கேளுங்கள். என்னை அன்று எவரும் அவ்வாறு கேட்கவில்லை.