கையொப்பத்திற்கு முன்

நுழையும்முன்

விபத்தில் சிதைந்த ஊர்தியைச் சீராக்கித் தரும் பொறுப்பைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கிறது. சீராகிவிட்டதாகச் சொல்லித் திருப்பித் தரப்பட்ட ஊர்தியில் பழுது தொடர்ந்தால் என்ன செய்வது? அந்நிலையில் நமக்குள்ள உரிமையையும், அவ்வுரிமையைப் பெற்றுத்தரும் தெளிவான எழுத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காப்பீடு என்னும் ஒப்பந்தம்

சாலையில் ஓடும் ஒவ்வோர் ஊர்திக்கும் மூன்றாம் தரப்பினருக்கான காப்பீடு இருத்தல் வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. நம் ஊர்தியால் பிறருக்கு நேரும் இழப்பை அது ஈடுசெய்யும். நம் ஊர்திக்கே நேரும் சேதத்திற்கும் ஈடு வேண்டுமெனில் அதற்கெனத் தனியே காப்புப் பெறுதல் வேண்டும்.

விபத்து நேர்ந்ததும் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனம் அனுப்பும் சர்வேயர் சேதத்தைப் பார்வையிட்டு, எந்தப் பாகத்தை மாற்றுவது, எதனைச் சீர்செய்வது என அறிக்கை அளிப்பார். பின்னர், நிறுவனத்தோடு உடன்பாடு கொண்ட பணிமனை ஒன்றில் வேலை நடைபெறும். செலவின் பெரும்பகுதியை நிறுவனம் பணிமனைக்கு நேரடியாகச் செலுத்திவிடும். உரிமையாளர் தம் பங்கை மட்டும் செலுத்துவார். இஃது எளிய ஏற்பாடுதான். ஆயினும் வேலையைப் பெறுபவர் ஒருவர், அதற்குப் பணம் தருபவர் மற்றொருவர் என்னும் இந்த இடைவெளியில் குறைகள் ஒளிந்துகொள்வதுண்டு.

வெளியே புதியது, உள்ளே பழையது

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பட்டறிவு இங்கு எண்ணத்தக்கது. அவருடைய மகிழுந்தின் முன்புற இடப்பக்கம் ஒரு விபத்தில் நசுங்கியது. காப்பீட்டு நிறுவனம் காட்டிய பணிமனையில் வண்டி மூன்று வாரம் இருந்தது. எடுக்கச் சென்றபோது பம்பரும் முகப்பு விளக்கும் புதியனவாய் இருந்தன. பட்டி பார்த்து வண்ணம் பூசிய கதவு முகம் பார்க்கும் அளவிற்குப் பளபளத்தது. பணியாளர் ஒரு தாளை நீட்டி, “காப்பீட்டில் வந்த வேலைதான் அம்மா. இந்த இடத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் வண்டியை எடுத்துக்கொள்ளலாம்” என்றார். ‘வேலை முழுவதும் எனக்கு நிறைவளிக்கிறது’ என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. ஆசிரியை கையொப்பமிட்டார். வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் வண்டி மெல்ல இடப்பக்கம் இழுத்தது. மழைத்தூறலில் சாலையோரம் பள்ளி மாணவி ஒருத்தி மிதிவண்டியில் சென்றுகொண்டிருந்தாள். ஆசிரியை ஸ்டீயரிங்கை வலப்பக்கம் இறுகப் பிடித்து வண்டியை நிறுத்தினார். மாணவி எதனையும் அறியாமல் கடந்து போனாள். ‘அன்று என் கை நடுங்கியது வண்டிக்காக அன்று, அந்தக் குழந்தைக்காக’ என்று ஆசிரியை பின்னாளில் கூறினார். அரைகுறையாய்ப் பழுது நீக்கிய ஊர்தியால் அதன் உரிமையாளருக்கு மட்டுமன்றிச் சாலையில் செல்லும் அனைவருக்கும் தீங்கு நேரக்கூடும்.

மறுநாள் ஊர்ப் பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக், “அம்மா, வெளியே எல்லாம் புதுசு. உள்ளே இருக்கிறது பழசு” என்றார். முன்சக்கரத்தைத் தாங்கும் இடப்பக்க லோயர் ஆர்ம் மாற்றப்படவில்லை. வளைந்ததையே நிமிர்த்திப் பொருத்தியிருந்தனர். பணிமனை தந்த பட்டியலிலோ புதிய பாகத்திற்கு விலை போடப்பட்டிருந்தது.

இரண்டு கடிதங்கள்

ஆசிரியை நிறுவனத்திற்கு எழுதிய முதற்கடிதம் இது: ‘தாங்கள் செய்து தந்த வேலை மிகவும் மோசம். உடனே கவனிக்கவும்.’ இதற்கு மறுமொழி வரவில்லை. சினம் இருந்த அக்கடிதத்தில் செய்தி இல்லை.

சில நாள் கழித்து அவர் மீண்டும் எழுதினார்: ‘நேரான சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது வண்டி இடப்பக்கம் விலகுகிறது. விபத்திற்கு முன் இக்குறை இல்லை. இடப்பக்க லோயர் ஆர்ம் மாற்றப்பட வேண்டும் எனச் சர்வேயர் அறிக்கை கூறுகிறது. மாற்றியதாகப் பட்டியல் கூறுகிறது. ஆனால், பழைய பாகமே வண்டியில் உள்ளது. ஒளிப்படங்களும் மெக்கானிக்கின் எழுத்துவழிக் கருத்தும் இணைக்கப்பட்டுள்ளன. மறு ஆய்வு செய்து, குறையைக் கட்டணமின்றி நீக்கித் தருமாறு வேண்டுகிறேன்.’

இக்கடிதத்தில் கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. குறை, சான்று, வேண்டுகோள் என்னும் மூன்றும் முறையாக நின்றன. பொருத்தாத பாகத்திற்குத் தானும் பணம் கொடுத்திருப்பதை நிறுவனம் உணர்ந்தது. பத்து நாளில் மறு ஆய்வு நடந்தது. பாகம் மாற்றப்பட்டு, வீல் அலைன்மென்ட்டும் செய்யப்பட்டது.

பொறுப்பு யாருக்கு?

‘பணத்தைக் கொடுத்துவிட்டோம், பணிமனையைக் கேளுங்கள்’ என நிறுவனம் கூறலாம். ‘எங்களுக்குப் பணம் தந்தவர் நீங்கள் அல்லர்’ எனப் பணிமனை கூறலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு விடை தருகிறது. அச்சட்டப்படி காப்பீடு ஒரு சேவை. பணம் கொடுத்தவர் மட்டுமன்றி, அவரது ஒப்புதலோடு சேவையின் பயனைப் பெறுபவரும் நுகர்வோரே. எனவே, நிறுவனம், பணிமனை ஆகிய இரண்டையும் எதிர்த்தரப்பினராகச் சேர்த்து முறையிடலாம்.

கையொப்பமிட்டதனால் வழி முற்றிலும் அடைபட்டுவிடுவதில்லை. பார்வைக்குத் தெரியாத குறையைப் பின்னர்ச் சான்றோடு மெய்ப்பிக்கலாம். ஆனால், ஓட்டிப் பார்த்தபின் இடும் கையொப்பம் அந்தச் சுமையைத் தவிர்க்கும்.

முறையீட்டின் படிகள்

முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்திற்குள் மறுமொழி வராவிட்டாலோ, வந்தது நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டிற்குரிய அலுவலகம் சென்னையில் உள்ளது.

மற்றொரு வழி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. சேவைக்காகச் செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் புகார்க் கட்டணமும் இல்லை. ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது அதே பொருள் குறித்துக் குறைதீர்ப்பாளரிடம் செல்ல இயலாது. வழிகாட்டுதல் பெற 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

எழுத்தறிவின் பயன்

ஆசிரியை இரண்டாம் முறை வண்டியை எடுக்கச் சென்றபோதும் அதே தாள் நீட்டப்பட்டது. அவர் திறவுகோலை மட்டும் வாங்கிக்கொண்டு, மெக்கானிக்குடன் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார். பிறகு, ‘ஓட்டிப் பார்த்தேன், குறை நீங்கியது’ என்று தம் கையால் எழுதிக் கையொப்பமிட்டார்.

படிக்கத் தெரிந்தவர் படித்துப் பார்த்தபின் இடுவதே கையொப்பம். மாணவர்களே, நாளை உங்கள் முன்னும் தாள்கள் நீட்டப்படும். அவற்றை நிதானமாகப் படித்தறியவும், உரியதை உரிய சொல்லால் கேட்கவும் இன்று நீங்கள் கற்கும் மொழி துணைநிற்கும்.

தெரிந்து தெளிவோம்

உதிரிபாகங்களின் விலையில் தேய்மானத்திற்கென ஒரு பகுதியை உரிமையாளர் ஏற்பது வழக்கம். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் மின்கலத்திற்கும் அது 50 விழுக்காடு. கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு ஊர்தியின் வயதிற்கேற்ப அது மாறும். தேய்மானக் கழிவில்லாக் காப்பினைக் கூடுதல் கட்டணம் செலுத்திப் பெறலாம்.

கற்பவை கற்றபின்

1. ஆசிரியையின் இரு கடிதங்களையும் ஒப்பிட்டு, இரண்டாவது பயன் தந்தமைக்கான காரணங்களை எழுதுக.
2. பழுது நீக்கக் கொடுத்த பொருள் ஒன்று குறையுடன் திரும்பியதாகக் கருதி, குறை, சான்று, வேண்டுகோள் என்னும் வரிசையில் முறையீட்டுக் கடிதம் எழுதுக.
3. உங்கள் வீட்டிலுள்ள காப்பீட்டு ஆவணம் ஒன்றைப் பெற்றோருடன் படித்து, விளங்காத சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.