நீர்மட்டங் காட்டும் கருவி

மாடிவீடுகள் பெருகிய இந்நாளில், நீரும் மனிதரோடு மாடியேறிவிட்டது. ஆழ்துளைக் கிணற்றினின்று மோட்டார் இறைக்கும் நீர், கூரைமேல் அமைந்த தொட்டியில் நிறைந்து, குழாய் வழியே கீழிறங்குகின்றது. தொட்டியின் உட்புறம் கீழே நிற்பார் கண்ணுக்குப் புலனாகாது. ஆகவே, நீர் எவ்வளவு உள்ளது என்பதை அவர்க்கு உணர்த்தக் கருவியொன்று வேண்டுவதாயிற்று.

பழைய பெருந்தொட்டிகள் சிலவற்றின் புறத்தே ஓர் அளவுப்பலகையும், அதன்மேல் நகரும் குறிமுள்ளும் காணலாம். உள்ளேயுள்ள மிதவையை அம்முள்ளுடன் கயிறொன்று கப்பியின் வழியாக இணைக்கும். மிதவை ஏற, முள் இறங்கும்; எனவே முள் அடியில் நின்றால் தொட்டி நிறைந்தது என்பது பொருள். அறியாதார் இதனை மாறாகக் கொண்டு மயங்குவதுண்டு.

இக்காலத்து வீடுகளில் பயன்படும் மின்கருவியைச் 'சென்சார்' என்றே மக்கள் வழங்குவர். உணரி என்பது தமிழ். துருவேறா எஃகுக் கோல்கள் சில வெவ்வேறு நீளத்தில் தொட்டியினுள் தொங்கும். யாவற்றினும் நெடியது பொதுக்கோல், குறியது நிறைவுக்கோல். தூய நீர் மின்னை எளிதிற் கடத்தாது. கிணற்று நீரிலோ உப்புக்கள் கரைந்திருத்தலின், அது கடத்தும். நீர் உயர்ந்து நிறைவுக்கோலைத் தொட்டவுடன், இவ்விரு கோல்களுக்கும் இடையே சிறிது மின்னோட்டம் செல்லும். கீழேயுள்ள பெட்டி அதனை உணர்ந்து, நிறைவிளக்கை எரியச் செய்து, மோட்டாரை நிறுத்தும்.

கருவியை இயங்கச் செய்த அவ்வுப்பே அதற்குக் கேடும் சூழ்கின்றது. சுண்ணம் மிகுந்த நீரில் நின்ற கோல்மீது வெண்ணிறப் படிவு சிறிது சிறிதாக ஏறும். தடித்த படிவு மின்னைத் தடுக்கும். அப்போது தொட்டி வழிந்தோடினும் விளக்கு எரியாது, மோட்டாரும் ஓயாது. இதற்கு மாறான கேடும் உண்டு. கோல்களைத் தாங்கும் தலைப்பில் ஈரமும் பாசியும் அழுக்கும் சேர்ந்து, ஒரு கோலுக்கும் மற்றொன்றுக்கும் பாலமிட்டால், நீர் வற்றிய பின்னும் நிறைவிளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். மாணவர் விடுதியொன்றில் இது நேருமாயின், விடியற்காலையில் குழாயைத் திறக்கும் பிள்ளைகள் காற்றின் சீழ்க்கையையே கேட்பர். முன்னையதில் வழியும் நீரின் ஓசையே செய்தி சொல்லிவிடும், பின்னையதைச் சொல்வாரில்லை. ஆதலின் இரண்டினுள் இதுவே கொடிது.

பழுது நேர்ந்தவுடன் பெட்டியைக் குறைகூறிப் புதியது வாங்க ஓடுவார் பலர். தொட்டியின் மூடியைத் திறந்து கண்ணால் நோக்குதலே முதற்பணி. பின்னர், மின்விசையை அறவே நிறுத்தி, பொதுக்கோலின் கம்பியையும் நிறைவுக்கோலின் கம்பியையும் கழற்றி, அவ்விரண்டையும் ஒன்றாக இணைத்தல் வேண்டும். மீண்டும் மின்விசை தந்ததும் நிறைவிளக்கு எரியுமாயின், பெட்டியும் கம்பியும் நல்லனவே. குற்றம் கோல்களில் உள்ளது. எரியாவிடின், கம்பியை ஐயுறுக. வெயிலும் மழையும் படும் மாடியில், இணைப்பு முனைகளிலுள்ள செம்பு பச்சைக் களிம்பேறி அற்றுப்போதல் பெருவழக்கு. அங்கும் குறையில்லையெனில், பெட்டியைத் திறத்தல் மின்பணியாளர் தொழில்.

மின்விசையை நிறுத்தாது தொட்டியினுள் கைவிடுதல் ஒருபோதும் ஆகாது. கழற்றிய கோல்களை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால், சுண்ணப் படிவு நுரைத்துக் கரையும். குடிநீரில் நிற்கும் பொருளாதலின், கடுங்காரமும் அமிலமும் விலக்கத்தக்கன. ஒரு கோல் மட்டும் அரிக்கப்பட்டு மெலிந்திருப்பின், மின்னோட்டம் ஒரே திசையிற் பாய்வது அதற்குக் காரணமாகலாம். திசை மாறிமாறிப் பாயும் மின்னோட்டமுடைய கருவிகளில் இவ்வரிப்புக் குறைவு.

நீரைத் தொடாமலே மட்டம் அறியும் கருவியும் இன்று உண்டு. செவிக்கெட்டாத ஒலியை நீர்மேல் செலுத்தி, எதிரொலி மீளும் காலத்தை அஃது அளக்கும். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், 1 மீட்டர் கீழுள்ள நீரைத் தொட்டு மீள, நொடியின் ஆயிரத்தில் 6 பங்கே ஆகும். நீரின் உப்பு இதனை அணுகாது. ஆயினும், மூடியின் அடியிற் சிலந்தி பின்னிய வலையும், முகப்பில் திரண்ட நீர்த்துளியும் இதனையும் ஏமாற்றிவிடும். அதற்கு உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தலே போதும்.