ஆறு சதவீதம் எங்கே போச்சு?

அணு உலை என்றதும் நமக்கு மின்சாரம்தான் ஞாபகம் வரும். ஆனால் உலையிலிருந்து எதிர் நியூட்ரினோ என்ற துகளும் ஓயாமல் வெளியே பாய்கிறது. அதற்கு மின்னூட்டம் கிடையாது. சுவரையும் பூமியையும் பெரும்பாலும் சுலபமாகக் கடந்துவிடும். 1956-ல் அமெரிக்காவின் சவானா ரிவர் உலை அருகே ரைன்ஸ், கோவன் குழுவினர் இதை முதன்முதலில் பிடித்துக் காட்டினார்கள்.

இது எப்படிப் பிறக்கிறது? யுரேனியம் அணுக்கரு இரண்டாகப் பிளக்கிறது. அந்தத் துண்டுகளில் நியூட்ரான் அதிகம். ஆகவே அவை பீட்டா சிதைவு அடைகின்றன. ஒவ்வொரு சிதைவிலும் ஓர் எலக்ட்ரான், ஓர் எதிர் நியூட்ரினோ வெளிவரும். ஒரு பிளவுக்குச் சராசரியாக 6 எதிர் நியூட்ரினோ.

எத்தனை வரும் என்று முன்கூட்டியே சொல்ல, எந்தத் துண்டு எவ்வளவு உண்டாகிறது, எவ்வளவு ஆற்றலோடு சிதைகிறது என்ற அணுக்கரு விவரம் வேண்டும். துண்டுகளோ நூற்றுக்கணக்கில்! அதனால் 1980-களில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் எல்லாத் துண்டுகளின் எலக்ட்ரான்களையும் மொத்தமாக அளந்தார்கள். அதிலிருந்து நியூட்ரினோ கணக்கு போடப்பட்டது.

2011-ல் அந்தக் கணக்கைப் புதுப்பித்தபோது சிக்கல் வந்தது. கருவிகளில் பதிவானது கணக்கைவிட சுமார் 6 சதவீதம் குறைவு! வழியில் வேறொரு புதுவகை நியூட்ரினோவாக மாறி மறைந்துவிட்டதா என்று உலகமே பரபரப்பானது.

எங்க அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். இதைச் சொன்னதும் அவர், "மூட்டை குறைஞ்சா உடனே திருட்டுன்னு சொல்லக்கூடாதுடா, முதல்ல சீட்டுல சரியா எழுதியிருக்கான்னு பாக்கணும்" என்றார்.

விஞ்ஞானிகளும் சீட்டைத்தான் பார்த்தார்கள். உலை ஓட ஓட யுரேனியம்-235 குறையும், புளூட்டோனியம்-239 கூடும். புதுத் துகள்தான் காரணம் என்றால் இரண்டின் கணக்கிலும் ஒரே அளவு குறைய வேண்டும். 2017-ல் சீனாவின் தயா பே சோதனையில், யுரேனியம்-235 கணக்கில்தான் சுமார் 8 சதவீதம் குறைந்தது. புளூட்டோனியம் கணக்கு ஏறக்குறைய சரியாகவே இருந்தது. 2021-ல் மாஸ்கோவின் குர்ச்சாத்தோவ் நிறுவனத்தார் எலக்ட்ரான்களை மறுபடி அளந்தார்கள். புளூட்டோனியத்தோடு ஒப்பிட்ட யுரேனியத்தின் அளவு, பழைய கிரெனோபிள் அளவைவிட சுமார் 5 சதவீதம் குறைவாக வந்தது. ஆக, சந்தேகம் பெரும்பாலும் பழைய சீட்டின் மேல்தான்!

லேபில் நாம் குறிக்கும் ரீடிங்கும் அப்படித்தான், தோழர்களே. அதை நம்பித்தான் நாளைக்கு இன்னொருவர் கணக்கு போடுவார். பார்த்து எழுதுவோம்!