வண்டியில் கருகல் வாடையா? முதலில் மூக்கைக் கேளுங்கள்

மீன் அமிலம் தயாராகிவிட்டதா என்று எப்படிப் பார்க்கிறோம்? மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறோம். கவுச்சி போய்ப் பழவாடை வந்திருந்தால் தயார். பஞ்சகவ்யம் கெட்டுப்போனாலும் மூக்குதான் முதலில் சொல்லும். அதே மூக்கு பிக்கப் வண்டிக்கும் உதவும்.

விளைந்ததை நாமே சந்தைக்குக் கொண்டுபோகணும்னுதான் எங்கள் குழு பழைய பிக்கப் ஒன்றை வாங்கியது. ஒருநாள் விடியற்காலை, கீரை லோடோடு போகும்போது கருகல் வாடை. ஒரு பட்டறையில் காட்டினோம். "இன்ஜினை இறக்கிப் பார்க்கணும்" என்றார்கள். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? வேறொரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் பேனட்டைத் திறந்து டார்ச் அடித்தார். டேப்பட் கவர் கேஸ்கெட்டில் ஆயில் கசிந்து, சூடான புகைக்குழாய் மேல் சொட்டிக் கருகிக்கொண்டிருந்தது. கேஸ்கெட்டை மாற்றியதோடு வேலை முடிந்தது. அதன்பிறகு நாங்கள் கற்றுக்கொண்டது இது.

வாடை வந்ததும்

ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். காய்ந்த புல், வைக்கோல் மேல் நிறுத்தாதீர்கள். பேனட் இடுக்கில் புகை அடர்த்தியாக வந்தாலோ, தீ தெரிந்தாலோ பேனட்டைத் தூக்க வேண்டாம். காற்று புகுந்தால் தீ எழும்பும். எல்லோரும் இறங்கித் தள்ளி நின்று தீயணைப்புக்குச் சொல்லுங்கள். புகை இல்லையென்றால் அரை மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள்.

எந்த வாடை, எந்தக் கோளாறு?

1. எண்ணெய் கருகும் வாடை: ஆயில் கசிவு. டேப்பட் கவர் ஓரம், ஆயில் ஃபில்டர், ஆயில் ஊற்றும் மூடி மூன்றையும் துணியால் துடைத்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடி பாருங்கள். ஈரம் எங்கே தெரிகிறதோ அங்கேதான் கசிவு. ஆயில் மாற்றிய அன்று சிந்தியதால் வரும் வாடை ஓரிரு நாளில் போய்விடும். அளவுக்கோலில் ஆயில் அளவையும் பாருங்கள், வண்டி சமதரையில் நிற்கட்டும்.

2. ரப்பர் கருகும் வாடை, கூடவே 'கீச்' சத்தம்: பெல்ட் நழுவுகிறது. இன்ஜினை அணைத்துவிட்டு, பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பழைய வண்டிகளில் அரை அங்குலம் அளவுக்கு அமுங்கலாம். அதற்குமேல் தொய்ந்தாலும், வெடிப்பு இருந்தாலும் சரிசெய்ய வேண்டும். பல வண்டிகளில் தண்ணீர் பம்ப்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். அறுந்தால் இன்ஜின் சூடேறிவிடும்.

3. காகிதம் தீய்ந்த மாதிரி காரமான வாடை: கிளட்ச் பிளேட். ஏற்றத்தில் பாதிக் கிளட்சில் நிறுத்திவைப்பதும் அளவுக்கு மீறிய லோடும்தான் காரணம். ஆள் இல்லாத சமதரையில் ஹேண்ட் பிரேக், கால் பிரேக் இரண்டையும் பிடித்து, மூன்றாம் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைந்தால் பிளேட் பிடிக்கிறது. அணையாமல் ஓடினால் நழுவுகிறது. ஒருமுறை பார்த்தால் போதும்.

4. சக்கரத்துப் பக்கம் காந்தல் வாடை: பிரேக். முதலில் ஹேண்ட் பிரேக் எடுத்தாச்சான்னு பாருங்க. ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகக் கொதித்தால் அதில் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாளவாடியில் காய் ஏற்றி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர்களுக்கு இந்த வாடை பழக்கம். ஏறும் கியரிலேயே இறங்கினால் பிரேக் பிழைக்கும்.

5. வெல்லப்பாகு மாதிரி இனிப்பு வாடை: கூலண்ட் கசிவு. சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, வெந்நீர் முகத்தில் அடிக்கும். உப்புத்தண்ணீர் ஊற்றினால் உள்ளே காரை படியும். கூலண்ட் விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கிவிடும், கீழே சிந்தினால் கழுவிவிடுங்கள்.

6. பிளாஸ்டிக் கருகும் வாடை: வயரிங். நெல்மூட்டை பக்கத்தில் நிற்கும் வண்டியில் எலி வயரைக் கடித்திருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஃப்யூஸ் போனால் பெரிய ஃப்யூஸோ கம்பியோ செருகாதீர்கள். அடுத்து எரிவது வண்டிதான்.

7. சருகு எரியும் வாடை: வைக்கோல் ஏற்றிய வண்டியில் சைலன்சர் பக்கம் குனிந்து பாருங்கள். சிக்கிய வைக்கோல், ஒட்டிய பாலித்தீன் பை இருந்தால் ஆறியபின் எடுத்துவிடுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் புகைக்கரியை எரித்துக்கொள்ளும் வடிகட்டி உண்டு. அது எரியும் நேரத்தில் புகைக்குழாய் கடுமையாகச் சூடாகும். களத்தில் வைக்கோல் மேல் நிறுத்தினால் போரே போய்விடும்.

ஓட்டலாமா, கூடாதா?

சிறு ஆயில் கசிவு என்றால் அளவு பார்த்துப் பக்கத்துப் பட்டறை வரை மெதுவாகப் போகலாம். வயரிங், பிரேக், கூலண்ட், அறுந்த பெல்ட் என்றால் நகர்த்தவே வேண்டாம். காய்கறியை வேறு வண்டியில் மாற்றி அனுப்புங்கள். ஒருநாள் வாடகையோடு போகும்.

பட்டறைக்குப் போனதும் "வாடை வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வாடை, ஏற்றத்திலா இறக்கத்திலா, லோடோடா காலியாகவா, நின்றபின்னா ஓடும்போதா என்று சொல்லுங்கள். தேவையில்லாமல் இன்ஜினைப் பிரிக்கும் செலவு மிச்சமாகும்.

கடைசியாக ஒன்று. மாற்றிய பழைய ஆயிலை வாய்க்கால் ஓரத்தில் ஊற்றிவிடாதீர்கள். கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள். வருஷக்கணக்கா மண்புழு வரவழைச்ச மண் அது.