கல்லாப் பணமும் கைத்துப்பாக்கியும்: எந்த ரகம், எவ்வளவு எடை?



மளிகைக் கடையானாலும் மொத்த மண்டியானாலும், இரவு கடை சாத்திவிட்டு வசூல் பணத்துடன் வீடு திரும்பும் அந்த அரை மணி நேரம் நம் எல்லோருக்கும் கவலையான நேரம்தான். சங்கக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது இளைய உறுப்பினர்கள் கேட்பதுண்டு: "அண்ணாச்சி, லைசென்ஸ் எடுத்து சின்னதாக ஒரு ரிவால்வர் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டால் என்ன? எந்த ரகம் நல்லது?"

கேள்வி நியாயமானது. பதிலை ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. ஆகவே அரிசி, பருப்பு வாங்கும்போது ரகம், எடை, பக்குவம் பார்ப்பது போலவே இதையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. சட்டம் எதை அனுமதிக்கிறது?

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் இதற்கு அடிப்படை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டங்களில் கலெக்டரிடமும், சென்னை மாநகரில் போலீஸ் கமிஷனரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. உடல்நலம், மனநலம் பற்றிய மருத்துவச் சான்று வேண்டும். ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

தொழிலின் தன்மையால் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தேவைப்படுகிறவர்களின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க விதிகளில் இடம் இருக்கிறது. ஆனால் "நான் வியாபாரி" என்று சொன்னால் மட்டும் போதாது. எவ்வளவு தொகை, எந்த வழியில், எத்தனை மணிக்குக் கொண்டு போகிறோம், முன்பு மிரட்டலோ வழிப்பறியோ நடந்து புகார் கொடுத்திருக்கிறோமா என்பதையெல்லாம் காகிதத்தில் காட்ட வேண்டியிருக்கும்.

2019-இல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம். உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்ந்தது. வாங்குகிற தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. உரிமத்தில் எழுதியுள்ள எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட வைத்திருக்கக் கூடாது.

2. காலிபர் என்பது என்ன? நமக்கு எது?

காலிபர் என்றால் குழலின் உள் அளவு. அங்குலத்தில் சொல்வார்கள். .32 என்றால் ஓர் அங்குலத்தில் நூறில் 32 பங்கு.

அமெரிக்கப் புத்தகங்களையும் படங்களையும் பார்த்துவிட்டுச் சிலர் .38 வேண்டும், 9 எம்.எம். வேண்டும் என்கிறார்கள். அந்த இரண்டும் நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகங்கள். போலீசுக்கும் ராணுவத்துக்கும் உரியவை. சாதாரண உரிமத்தில் வாங்க வழியில்லை. அப்படி யாராவது "இருக்கிறது" என்று சொன்னால் அது கள்ளச் சரக்கு. அந்தப் பக்கமே போகக் கூடாது. ஜாமீனுக்கு அலைவதும், சொத்தை விற்று வழக்கு நடத்துவதும்தான் மிஞ்சும்.

ஆக, நடைமுறையில் நம் முன்னால் இருப்பவை .32, .22 ஆகிய இரண்டே.

.32 ரிவால்வர் தோட்டா 1896-இல் அமெரிக்காவில் வந்த பழைய ரகம். அதன் குண்டு சுமார் 6 கிராம் எடையுள்ளது. .38 ரகத்தில் வழக்கமான குண்டு சுமார் 10 கிராம். .22 ரகத்தின் குண்டு இரண்டரை கிராம்தான். .32-இன் வேகம் நிதானமானது, ஆகவே கையை உதைப்பது குறைவு. வாரம் ஒரு நாள்கூடப் பயிற்சி செய்ய முடியாத, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் பிடித்துச் சுடக்கூடிய ரகம் இது.

.22 இன்னும் இலகு, தோட்டா விலையும் குறைவு. ஆனால் தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்கும் அமைப்பு என்பதால், நடுவில் அடிக்கும் தோட்டாவைவிட இதில் வெடிக்காமல் போவது சற்று அதிகம். பயிற்சிக்கு நல்லது. பாதுகாப்புக்கு என்றால் .32-ஐயே நாம் சொல்வோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரிவால்வருக்கும் .32 உண்டு, பிஸ்டலுக்கும் .32 உண்டு. பெயர் ஒன்று, சரக்கு வேறு. ரிவால்வர் தோட்டாவின் பித்தளை உறை 23 எம்.எம். நீளம், பிஸ்டல் தோட்டாவுக்கு 17 எம்.எம். ஒன்றுக்காகச் செய்ததை மற்றொன்றில் போடுவது ஆபத்து. கடைக்காரர் கொடுக்கும் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, உரிமத்தோடு ஒத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

3. ரிவால்வரா, பிஸ்டலா?

பிஸ்டல் தட்டையானது, இடுப்பில் துருத்தாது. ஆனால் அதில் மேகசின், ஸ்லைடு, சேஃப்டி என்று பழக வேண்டியவை அதிகம். ஒரு தோட்டா சிக்கிக்கொண்டால் அதை எடுத்துவிடத் தெரிந்திருக்க வேண்டும். ரிவால்வரில் அந்தத் தொல்லை குறைவு. ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றாலும் விசையை மறுபடி இழுத்தால் சிலிண்டர் சுழன்று அடுத்தது வந்துவிடும். எப்போதாவது கையில் எடுக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு ரிவால்வர்தான் ஏற்றது.

அரசுத் தொழிற்சாலை ரிவால்வர்களைப் பார்ப்போம். கான்பூரிலிருந்து வரும் .32 ரிவால்வர் பல ஆண்டுகளாக நாட்டில் புழக்கத்தில் உள்ளது. நடுவில் மடித்துத் தோட்டா போடும் பழைய அமைப்பு. 2014 ஜனவரியில் அங்கிருந்தே 'நிர்பீக்' வந்தது. டைட்டானியம் கலந்த உலோகம், எடை 500 கிராம், அன்றைய விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். மேற்கு வங்காளம் இஷாப்பூர் தொழிற்சாலையின் 'நிடர்' .22 ரகம், எடை 250 கிராம்தான். 2021 அக்டோபரில் இந்தத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. அவற்றுள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் 2023 ஆகஸ்டில் 'பிரபல்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. குழல் 76 எம்.எம்., தோட்டா இல்லாமல் எடை 700 கிராம். சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும்.

'பிரபல்' 50 மீட்டர் வரை சுடும் என்று விளம்பரம் வந்தது. கடைக்காரருக்கு அதனால் பயன் இல்லை. வழிப்பறிக்காரன் நிற்பது கை எட்டும் தூரத்தில். பஜார் தெருவில் குறி தவறிய குண்டு எதிர்க்கடைக்காரர் மேல்தான் போய்ப் படும்.

4. எடையும் அளவும்

பெரிய தராசு வாங்கிக் கடை மூலையில் போட்டுவிட்டுச் சின்னத் தராசிலேயே நிறுப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். துப்பாக்கியும் அப்படித்தான். முக்கால் கிலோ இரும்பை, வேட்டி மேல் கட்டிய பெல்ட்டில், சித்திரை வெயிலில், நாள் முழுக்கச் சுமக்க முடியுமா? முதல் மாதம் சுமப்போம். மூன்றாம் மாதம் அது பீரோவுக்குப் போய்விடும். பீரோவில் இருக்கும் ரிவால்வர் வழியில் காப்பாற்றாது. வீட்டுக்கு மட்டும் அபாயமாக இருக்கும்.

அதற்காக மிக இலேசானதையே வாங்கிவிடவும் கூடாது. எடை குறையக் குறைய உதைப்பு கூடும். குழல் குட்டையானால் குறி பார்ப்பது கடினம். ஆகவே வாங்கும் முன் நான்கு சோதனைகள் செய்து பார்க்க வேண்டும்.

அ. கைப்பிடியைப் பிடித்தால் சுண்டு விரல் உட்பட எல்லா விரலும் பிடிக்கிறதா?

ஆ. காலி ரிவால்வரில், கடைக்காரர் அனுமதியோடு, பாதுகாப்பான திசையில் விசையை இழுத்துப் பாருங்கள். சுத்தியை முன்கூட்டி இழுத்து வைக்காமல் சுட்டால் விசை கனமாக இருக்கும். ஐந்து கிலோவை ஒரே விரலால் இழுப்பது போன்றது. குழல் ஆடாமல் இழுக்க வருகிறதா?

இ. தோட்டாவோடு சேர்த்து எடை எவ்வளவு? அதே எடைக் கல்லைப் பத்து நாள் இடுப்பில் கட்டிக்கொண்டு கடையில் நின்று பாருங்கள். காசில்லாத சோதனை இது.

ஈ. கீழே விழுந்தாலும் தானாக வெடிக்காதபடி சுத்திக்குத் தடுப்பு உள்ளதா? பழைய ரிவால்வர் சிலவற்றில் இராது. அப்படியானால் சுத்திக்கு நேரான அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டாவோடுதான் வைக்க வேண்டும்.

5. வைத்துக்கொள்ளும் முறை

பொது இடத்தில் துப்பாக்கியை அதற்குரிய உறையில், முழுவதும் மூடி, நம் கட்டுப்பாட்டில் வைத்தே கொண்டு போக வேண்டும் என்பது 2016 விதி. வெளியே எடுத்துக் காட்டி மிரட்டுவதற்குத் தடை உள்ளது, உரிமமே போய்விடும். கல்யாணத்தில், திருவிழாவில் வானத்தை நோக்கிச் சுடுவது 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

பணப் பையிலேயே துப்பாக்கியையும் போட்டுக்கொள்கிற வழக்கம் தவறு. மொபெட்டில் தொங்கும் பையைப் பறித்தால் பணத்தோடு துப்பாக்கியும் போகும். பிறகு அந்தத் துப்பாக்கியால் நடக்கும் ஒவ்வொரு குற்றத்திலும் போலீஸ் முதலில் தேடி வருவது நம் வீட்டுக்குத்தான்.

வியர்வையும் உப்புக் காற்றும் எஃகுக்கு எதிரி. மிளகாய், மஞ்சள் தூள் பறக்கும் கடையில் தூசியும் சேரும். வாரம் ஒரு முறை தோட்டாக்களை எடுத்துவிட்டு, சுத்தமான துணியால் துடைத்து, மெல்லியதாக எண்ணெய் பூச வேண்டும். தோட்டாவில் எண்ணெய் படக் கூடாது. இரவில் தோல் உறையோடு வைக்காமல் வெளியே எடுத்து, பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். தோட்டாவுக்குத் தனிப் பூட்டு, சாவி நம்மிடம். பேரக் குழந்தைகள் வந்து போகும் வீட்டில் இதில் சமரசமே கூடாது.

கோவை, மதுரை, சென்னை போன்ற ஊர்களில் ரைபிள் கிளப்புகள் உள்ளன. அவற்றில் சேர்ந்து பயிற்சி பெற மனமில்லாதவர் துப்பாக்கி வாங்குவதை விட்டுவிடலாம். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். வேறு பாதுகாப்பு ஏற்பாடு செய்யாதவர் அந்த நாட்களில் வெறுங்கையோடு நிற்பார்.

6. எப்போது எடுக்கலாம்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ உண்மையான அச்சம் இருந்தால் தற்காப்பு உரிமை உயிரை எடுக்கும் அளவுக்கும் செல்லும். உடைமையைக் காப்பதில் வழிப்பறி, இரவில் வீடு புகுதல் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே அந்த அளவு உண்டு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. அதிகாரிகளின் உதவியைப் பெற நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை.

கல்லாவிலிருந்து நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு ஓடுகிற பையன் முதுகில் சுடுவதைச் சட்டம் மன்னிக்காது, மனச்சாட்சியும் மன்னிக்காது. கடன் பாக்கி வாக்குவாதத்தில் இடுப்பில் கை வைப்பதும் குற்றமாகிவிடும். கோபம் சீக்கிரம் வருகிறவர், மாலையில் மது அருந்தும் பழக்கம் உள்ளவர் இதை வாங்கவே கூடாது.

நியாயமாகவே சுட்டிருந்தாலும் விசாரணை, நீதிமன்றம், சில காலம் துப்பாக்கி பறிமுதல் எல்லாம் உண்டு. கடையை அந்த நாட்களில் யார் பார்ப்பது என்றும் யோசிக்க வேண்டும்.

7. துப்பாக்கிக்கு முன் செய்ய வேண்டியவை

திருடன் நம்மைத் தேடி வருவது ரொக்கத்துக்காக. ரொக்கம் குறைந்தால் ஆபத்தும் குறையும். மொத்தக் கொள்முதல் தொகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடுத்திருக்கிறது. தேர்தல் காலத்தில் 50 ஆயிரத்துக்கு மேல் கணக்கில்லாமல் கொண்டு போனால் பறக்கும் படை பிடித்து வைத்துக்கொள்ளும். சில்லறை வாடிக்கையாளர்களிடம் யு.பி.ஐ. அட்டையை முன்னால் வையுங்கள்.

மீதி ரொக்கத்தைப் பகலிலேயே இரண்டு தவணையாக வங்கியில் கட்டுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே வழி வேண்டாம். ஒருவராகப் போகாமல் பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து போங்கள். எடுத்துச் செல்லும் பணத்துக்கும் பெட்டகத்தில் உள்ள பணத்துக்கும் இன்ஷூரன்ஸ் எடுக்கலாம். அதன் நிபந்தனைகளைப் படித்துக் கையெழுத்திடுங்கள். மேஜை டிராயரில் இரவு விட்டுச் சென்ற பணத்துக்குப் பெரும்பாலும் ஈடு கிடைக்காது. யாராவது கத்தியைக் காட்டினால் பையைக் கொடுத்துவிடுங்கள். பணத்தை அடுத்த சீசனில் சம்பாதிக்கலாம்.

இத்தனையும் செய்த பிறகும், தொழிலின் இயல்பால் பெருந்தொகையோடு தனி வழியில் போக வேண்டியிருக்கிறது என்றால், அப்போது உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். .32 ரிவால்வர், நாள் முழுக்கச் சுமக்கத் தக்க எடை, நம் விரலுக்கு அடங்கும் விசை, மாதம் ஒரு முறையாவது பயிற்சி என்பதே நம் ஆலோசனை. வாங்குவதற்கு முன் வீட்டில் மனைவி மக்களிடம் சொல்லி அவர்கள் சம்மதத்தையும் பெறுங்கள்.

ஒரே தெருவில் உள்ள உறுப்பினர்கள் கூடிப் பேசி, கடை சாத்தும் நேரத்தையும் வங்கிக்குப் போகும் முறையையும் இந்த மாதமே ஒழுங்கு செய்துகொண்டால் செலவில்லாமலே பாதிக் கவலை தீரும். அடுத்த பகுதிக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறோம்.